மழைக்காலத்தில் கோழி எருவின் அம்மோனியா: சுண்ணாம்பு தூவிய பிறகு ஏன் அதிகமானது?

கேள்வி – மோகனூரான்

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் மாவட்டம் மோகனூர்ப் பக்கம் 10,000 முட்டைக்கோழிகள் உள்ள பண்ணை ஒன்றை, அப்பாவுக்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். எங்கள் பகுதியில் பெரும்பாலோர் கட்டியிருப்பதைப் போன்ற மேடைக் கொட்டகைதான். ஏழடித் தூண்களின்மேல் கூண்டு வரிசைகள் இருக்கின்றன. எச்சம் நேராகக் கீழே மண்தரையில் விழுந்து கூம்பு கூம்பாகக் குவிகிறது. நான்கைந்து மாதங்களுக்கு ஒருமுறை லாரிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போகிறார். கோடையில் இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. எரு காய்ந்து பொலபொலவென்று கிடக்கும். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. சாரல் உள்ளே அடிக்காமல் இருப்பதற்காகப் படுதாவை இறக்கிவிடுகிறோம். விடியற்காலையில் தீவனம் போட உள்ளே நுழைந்தால் கண் எரிந்து நீர் கொட்டுகிறது. நடுவரிசைக் கோழிகள் சில கண்ணை மூடிக்கொண்டே நிற்கின்றன. சிலவற்றின் கண்ணோரத்தில் நுரை கட்டுகிறது. சென்ற ஆண்டு இதே பருவத்தில் சளி கண்டு நிறையக் கோழிகளை இழந்தேன். பண்ணைக்குக் கிழக்கே முன்பு காடாகக் கிடந்த இடத்தில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. அங்கிருந்து ஒரு பெரியவர் இருமுறை வந்து நேரில் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவர் என்னிடம் வரமாட்டார், வேறெங்காவது போவார் என்பது எனக்குத் தெரியும்.

இதற்கிடையே ஈத்தொல்லைக்குச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து எருவின்மேல் தூவினால் நல்லது என்று பழக்கமான ஒருவர் சொன்னதைக் கேட்டு, எட்டு மூட்டை வாங்கித் தூவினேன். புழு குறைந்தது உண்மை. ஆனால் அன்று மாலை கொட்டகைக்குள் நிற்கவே முடியவில்லை. வேலைக்கு இருந்த அம்மா ஒருவருக்கு மூச்சு வாங்கி, வெளியே அழைத்து வந்து உட்கார வைக்கும்படி ஆகிவிட்டது. நாற்றத்தைப் போக்குவதற்காகப் போட்டது எப்படி நாற்றத்தைக் கூட்டியது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது ஒரு விற்பனைப் பிரதிநிதி, தீவனத்தில் கலக்கும் பொடி ஒன்றைப் பரிந்துரைக்கிறார். விலை கூடுதலாக இருக்கிறது. இன்னொருவர், எச்சத்தை நகரும் பட்டையில் ஏந்தி வெளியே தள்ளும் புதுமுறைக் கொட்டகைக்கு மாறிவிடுங்கள் என்கிறார். அந்த அளவுக்குக் கடன் வாங்க எனக்குத் துணிவில்லை. இருக்கிற கொட்டகையை வைத்துக்கொண்டே அம்மோனியாவைக் குறைக்க வழி உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1 – கால்நடை மருத்துவர்

மோகனூர் நண்பருக்கு வணக்கம். முதலில், அந்த அம்மா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். பிளீச்சிங் பவுடரையும் அம்மோனியா கிளம்பும் எருவையும் எக்காரணம் கொண்டும் ஒன்றுசேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரமைன் என்னும் நச்சுவாயு உண்டாகும். அது நுரையீரலைத் தாக்கும். அன்றைக்கு அவருக்கு மூச்சு வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சுண்ணாம்பு ஏன் நாற்றத்தைக் கூட்டியது என்ற உங்கள் கேள்விதான் இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோல். எருவில் இருக்கும் நைட்ரஜன், அம்மோனியம் என்ற உப்பு வடிவில் ஈரத்தில் கரைந்து கிடக்கும்வரை மூக்குக்குத் தெரியாது. அது அம்மோனியா என்ற வாயு வடிவத்துக்கு மாறும்போதுதான் பறந்து வெளியேறுகிறது. இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே உள்ள பங்கீட்டைத் தீர்மானிப்பது எருவின் அமில-கார நிலை, அதாவது பி.எச். மதிப்பு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட வாயுவாக இராது. 8 ஆனால் ஏறத்தாழ ஐந்து பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சுண்ணாம்பு பட்ட இடத்தில் அது 12ஐ ஒட்டிப் போய்விடும், அங்கே அம்மோனியம் முழுவதுமே வாயுவாகிவிடும். எருவுக்குள் பல வாரங்களாகத் தங்கியிருந்ததை நீங்கள் ஒரே மாலையில் கிளப்பி விட்டிருக்கிறீர்கள். அடுப்புச் சாம்பல் தூவுவோரும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள், அளவுதான் சிறிது. கொட்டகையைக் காலி செய்து, எருவை முழுவதும் அள்ளிய பிறகு தரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது ஈரம். கோழிக்குச் சிறுநீர் தனியாக இல்லை. எச்சத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் அதன் சிறுநீர், பெரும்பகுதி யூரிக் அமிலம். நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகச் சிதைத்து, யூரியாவாக்கி, யூரியேஸ் என்ற நொதியின் துணையால் அம்மோனியாவாக்குகின்றன. மாட்டுத் தொழுவத்தில் கோமியமும் சாணமும் கலந்த சில மணி நேரத்திலேயே நடந்துவிடும் இந்த வேலை, கோழி எருவில் நாட்கணக்கில்தான் நடக்கும். அதற்குள் எரு காய்ந்துவிட்டால் நுண்ணுயிர்களின் கை ஓய்ந்துவிடுகிறது. யூரிக் அமிலம் அப்படியே தங்கிவிடுகிறது. புதிதாக விழும் எச்சத்தில் நான்கில் மூன்று பங்கு நீர். அது 30, 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் உங்கள் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்தது. கோடையில் உங்களுக்குக் குறை தெரியாததற்குக் காரணம் இதுதான். கொல்லிமலைப் பக்கத்துக் காற்று உங்களுக்கு இலவசமாக எருவைக் காய வைத்துக் கொடுத்திருக்கிறது.

ஆகவே மழைக்காலத்தில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, எருவுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே. கூரைத் தண்ணீர் தூணோரமாக உள்ளே வடிகிறதா, தரை சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா, நிப்பிள், அதாவது கோழி கொத்திக் குடிக்கும் குழாய்முனை, ஒழுகுகிறதா, கோழியே தண்ணீராகக் கழிக்கிறதா என்று வரிசை வரிசையாகப் பாருங்கள். கோழி கழிப்பதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு அதிகம். அதைக் கணக்கில் எடுக்காமல் தீவனத்திலும் வழக்கமான அளவு உப்பைச் சேர்த்தால், கோழி கூடுதலாகக் குடித்துக் கூடுதலாகக் கழிக்கும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, அதிலுள்ள சோடியத்தைத் தீவனக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பணம் சம்பந்தப்பட்டது. 10,000 கோழிகள் நாளொன்றுக்குத் தலைக்கு 110 கிராம் வீதம் 1,100 கிலோ தீவனம் தின்னும். 17 விழுக்காடு புரதம் என்றால் 187 கிலோ புரதம். அதில் நைட்ரஜன் ஏறத்தாழ 30 கிலோ. நாளைக்கு 9,000 முட்டை என்று வைத்துக்கொண்டால், முட்டையாக வெளியே போகும் நைட்ரஜன் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீதி ஏறத்தாழ 20 கிலோ எச்சத்தில் விழுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் நைட்ரஜனும் அவ்வளவுதான். நாள்தோறும் ஒரு மூட்டை யூரியாவை, அதுவும் சோயாப் புண்ணாக்கு விலையில் வாங்கி, கூண்டுக்குக் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புரதத்தை 17இலிருந்து 16ஆகக் குறைத்து, கோழிக்குப் போதாமல் போகும் மெத்தியோனின், லைசின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்தால், முட்டை குறையாமலேயே எச்சத்து நைட்ரஜன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். இதை நீங்களாகச் செய்யாமல், தீவன நிபுணர் ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்யுங்கள். கோழியின் வயதுக்கும் முட்டை எடைக்கும் ஏற்ப அது மாறும்.

பொடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பல, யூக்கா என்ற செடியின் சாறு கலந்தவை. ஓரளவு பலன் தந்த சோதனைகளும் உண்டு, பலன் தராதவையும் உண்டு. ஒழுகும் நிப்பிளை வைத்துக்கொண்டு யூக்கா வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பொன்முலாம் பூசுவதைப் போன்றது என்பது என் கருத்து.

கடைசியாக ஒன்று. மூக்கை நம்பாதீர்கள். அம்மோனியா நாற்றத்துக்கு மூக்கு விரைவில் பழகிவிடும். பண்ணைக்காரருக்குத் தெரியாத நாற்றம் விருந்தாளிக்குத் தெரியும். 25 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) என்ற அளவைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. ஐரோப்பாவில் நெருக்கமாக வளர்க்கும் கறிக்கோழிக் கொட்டகைக்கு 20 என்றே சட்டம் வைத்திருக்கிறார்கள். 50ஐத் தொட்டால் கண் அழற்சி வரும். மூச்சுக்குழலில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கும். அதன் பிறகு வெள்ளைக்கழிச்சலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவும் எளிதில் நுழையும். சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்த இழப்பை நான் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். நிறம் மாறும் சோதனைத் தாளோ குழாயோ வாங்கி, படுதா இறக்கியிருக்கும் விடியற்காலையில், உங்கள் முகத்துக்கு நேரே அல்லாமல் கோழியின் தலைமட்டத்தில் பிடித்துப் பாருங்கள்.


பதில் 2 – பழைய பண்ணைக்காரன்

தம்பி, டாக்டர் ஐயா சொன்னதற்குமேல் நான் சொல்ல அதிகமில்லை. நிப்பிளைப் பகலில் பார்த்தால் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல், கோழி அடங்கிய பிறகு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கூண்டுக்குக் கீழே எருவைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். எங்கே எரு கூம்பாக நிற்காமல் தோசைமாவு போலப் பரந்து கிடக்கிறதோ, அதற்கு நேர் மேலே ஒரு நிப்பிள் ஒழுகுகிறது என்று அர்த்தம். சுண்ணாம்புக்குறி ஒன்றைத் தூணில் போட்டுவிட்டு, காலையில் மாற்றுங்கள். சுண்ணாம்புக்கு உங்கள் பண்ணையில் வேலை அவ்வளவுதான்.

இன்னொன்று, படுதாவை அடிமட்டம்வரை இறக்காதீர்கள். கூண்டு மட்டத்துக்குச் சாரல் அடிக்காமல் இருந்தால் போதும். கீழே எரு கிடக்கும் ஏழடியும் காற்றோட்டமாகத் திறந்திருக்கட்டும். புதிதாகப் பண்ணை வைப்பவர்கள் பயத்தில் தரைவரை மூடிவிட்டு, வாயுவைக் கோழியோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறார்கள்.


பதில் 3 – இயற்கைவழி

பஞ்சகவ்யத்தையோ நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கரைசலையோ வாரம் ஒருமுறை எருவின்மேல் தெளித்தாலே நாற்றம் போய்விடும். எங்கள் தொழுவத்தில் அப்படித்தான் செய்கிறோம். இதற்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து.


பதில் 4 – கால்நடை மருத்துவர்

இயற்கைவழி நண்பருக்கு: உங்கள் தொழுவத்தில் நாற்றம் குறைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்றமும் அம்மோனியாவும் ஒன்றல்ல. கந்தகச் சேர்மங்களும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்துதான் நாற்றம். ஒன்று குறைந்து மற்றது அப்படியே இருக்கலாம். அதைவிட முக்கியமானது, கோழி எருவைக் காய வைக்கப் பாடுபடும் ஒருவரிடம் வாரந்தோறும் அதன்மேல் நீர்க்கரைசலைத் தெளிக்கச் சொல்கிறீர்கள். மாட்டுச் சாணத்துக்குப் பொருந்துவது கோழி எச்சத்துக்குப் பொருந்தாது.


பதில் 5 – வடகடல்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, டென்மார்க்கின் மேற்குப் பகுதியில் பன்றியும் கறவைமாடும் வைத்திருக்கும் பண்ணைகளில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருபவன். இங்கே எரு என்றால் கெட்டி எரு அல்ல, சாணமும் மூத்திரமும் கழுவிய நீரும் கலந்த குழம்பு. ஆகையால் எங்கள் முறைகள் மோகனூர் அண்ணாவுக்கு அப்படியே பயன்படா. ஆனாலும் இங்கே பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவர் ஐயா சொன்ன பி.எச். கணக்கை இந்த நாட்டில் நேராகவே தொழிலாக்கிவிட்டார்கள். கொட்டிலின் சட்டத்தரைக்கு (இடைவெளி விட்ட சட்டங்களாலான தரைக்கு) கீழே தேங்கும் குழம்பில் கந்தக அமிலத்தை அளவாகக் கலந்து, பி.எச். மதிப்பை 5.5 வரை இறக்கிவிடுகிறார்கள். அந்த நிலையில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியமாகக் கட்டுண்டு கிடக்கும். கூடவே பயிருக்கு வேண்டிய கந்தகமும் கிடைத்துவிடும். கேட்பதற்கு எளிது. ஆனால் அமிலம் ஊற்றும்போது குழம்பு பொங்கும், ஐதரசன் சல்பைடு என்ற நச்சுவாயு கிளம்பும், கொங்கிரீட்டு அரிக்கும். அதனால் இதற்கென்று மூடிய கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள். வாளியில் அமிலம் எடுத்துக்கொண்டு போய் யாரும் இதைச் செய்துபார்க்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். கொட்டிலில் தப்பவிடாமல் பிடித்த அம்மோனியா, திறந்த தொட்டியில் கிடந்தால் அங்கிருந்து போய்விடும். ஆகவே தொட்டியை மூட வேண்டும். மூடி இல்லாதவர்கள் வைக்கோலை வெட்டிப் போட்டு மேலே ஆடை கட்ட வைக்கிறார்கள். தொட்டியில் காத்ததை வயலில் வானத்தைப் பார்த்து வீசியடித்தால், அதுவரை செய்த செலவெல்லாம் ஒரே பிற்பகலில் காற்றோடு போகும். அதனால் இங்கே வீசியடிப்பதற்கே தடை. தொங்கும் குழாய்களால் பயிர்வரிசைக்கு இடையே தரையில் வடிய விடுகிறோம், அல்லது மண்ணைக் கீறி உள்ளே செலுத்துகிறோம். வீசியடிப்பதோடு ஒப்பிட்டால், தொங்குகுழாயால் மூன்றில் ஒரு பங்கும், மண்ணைக் கீறிச் செலுத்தி மேலே மூடிவிடுவதால் பத்தில் எட்டுக்கு மேலும் இழப்புக் குறையும் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் கணக்கிடுகின்றன. தொடர்ச்சங்கிலியில் கடைசிக் கண்ணி அறுந்தால் முதற்கண்ணிக்குப் போட்ட காசு வீண்.

சற்றுத் தள்ளியிருக்கும் நெதர்லாந்தின் கதையையும் சொல்ல வேண்டும். அங்கே கால்நடை எருவிலிருந்து எழும் அம்மோனியா, பாதுகாக்கப்பட்ட புல்வெளிகளிலும் ஈரநிலங்களிலும் படிந்து, சத்துக் குறைந்த மண்ணில் மட்டுமே வளரும் செடிகளை ஒழித்துவிடுகிறது. எதிர்காலத்தில் குறைத்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் இப்போதே பண்ணைகளுக்கு அனுமதி கொடுக்கும் திட்டமொன்றை அரசு வைத்திருந்தது. 2019 மே மாதம் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே விவசாயிகள் டிராக்டர்களோடு அரசு அமைந்திருக்கும் ஹேக் நகரை நோக்கி நெடுஞ்சாலைகளில் இறங்கினார்கள். இதில் எனக்கு வருத்தம் தந்த பகுதி, அம்மோனியாவைக் குறைக்கும் என்று சான்று பெற்ற விலையுயர்ந்த தரைகளைக் கடன் வாங்கிப் போட்டவர்களின் நிலைதான். சோதனையில் கிடைத்த குறைப்பு நடைமுறைப் பண்ணைகளில் பலவற்றில் கிடைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. மோகனூர் அண்ணா, பட்டைக் கொட்டகை நல்லதுதான்; வாரம் இரண்டு மூன்று முறை எச்சத்தை வெளியே எடுத்துவிட்டால் பெரும்பகுதி அம்மோனியா கொட்டகைக்குள் உருவாகவே நேரமிராது. ஆனால் வெளியே எடுத்த ஈர எச்சத்தை எங்கே, எப்படிக் காய வைக்கப் போகிறீர்கள் என்பதற்கு விடை கையில் இல்லாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.


பதில் 6 – மண்வளம்

வடகடல் நண்பர் சொன்ன கடைசிக் கண்ணி என் துறை. பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைக்கும் மரவள்ளிக்கும் கோழி எரு வாங்குபவர்கள், லாரியிலிருந்து கொட்டியதை ஒரு வாரம் குவியலாகவே விட்டுவைத்து, பிறகு இறைத்து, உழவு ஓட்ட டிராக்டர் கிடைக்கும்வரை இன்னும் சில நாள் வெயிலில் போட்டுவைப்பதைப் பார்க்கிறேன். இறைத்த நான்கு மணி நேரத்துக்குள் மண்ணில் கலந்துவிட்டால் அம்மோனியா இழப்பில் ஏறத்தாழ பாதி மிஞ்சும். இறைத்த கையோடு உழுதுவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு மிஞ்சும். ஒருநாள் தாமதித்தாலே பயன் மிகவும் சுருங்கிவிடும். இது நமக்குப் புதிய பாடம் அல்ல. இரவு ஆட்டுக்கிடை கட்டிய வயலை, கிடை பெயர்ந்த மறுநாளே மேலோட்டமாக உழுதுவிடுவது பழைய வழக்கம். ஆட்டு மூத்திரத்தின் சத்து வெயிலுக்குமுன் மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது நம் முன்னோருக்கு வேதியியல் இல்லாமலே தெரிந்திருந்தது.

கொட்டகையில் ஈரமான வரிசைகளுக்கு நான் சொல்வது தென்னை நார்க்கழிவு. கோழி எச்சத்தில் கரிமத்தை ஒப்பிட நைட்ரஜன் மிக அதிகம், ஏழெட்டுப் பங்குக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். நார்க்கழிவிலோ நூறு பங்குக்கு மேல் கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன்தான். இரண்டும் சேரும்போது, நுண்ணுயிர்கள் நைட்ரஜனைக் காற்றில் விடாமல் தங்கள் உடலுக்கு எடுத்துக்கொள்கின்றன. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும் என்பதும், சற்றே அமிலத்தன்மை உடையது என்பதும் கூடுதல் நன்மைகள். எருவை அள்ளிய புதுத்தரையில் முதலில் அதைப் பரப்பிவிட்டு, அதன்மேல் எச்சம் விழும்படி செய்யுங்கள்; நடுவே ஈரம் கண்ட இடத்தில் மறுபடி போடுங்கள். நனைந்த நார்க்கழிவை மட்டும் வாங்காதீர்கள். விலை மலிவாக இருக்கும், பயன் இராது.

ஆலம் என்னும் அலுமினியம் சல்பேட்டைப் பற்றி யாரேனும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கறிக்கோழியின் கூளத்தில் எடைக்கு 5 முதல் 10 விழுக்காடு வரை கலந்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அம்மோனியாவும் குறைந்தது, மழைநீரில் பாஸ்பரஸ் கரைந்து ஓடுவதும் குறைந்தது. ஆனால் அது ஒருமுறை பரப்பி, ஒரு பேட்ச் கோழி வளரும்வரை பயன்படும் தரைக்கூளத்துக்கு. உங்கள் கொட்டகையில் நாள்தோறும் புது எச்சம் மேலே விழுந்து, போட்டதை மூடிக்கொண்டே போகும். எருவை அள்ளிக் குவிக்கும் நேரத்தில் சூப்பர் பாஸ்பேட்டை அடுக்கடுக்காகத் தூவுவது உங்களுக்கு அதைவிடப் பொருத்தம். அதிலுள்ள பாஸ்பேட்டும் ஜிப்சமும் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும், வாங்குகிற விவசாயிக்கு அது உரமாகவும் சேரும்.

ஒரு எச்சரிக்கை. இப்படிக் காப்பாற்றிய நைட்ரஜனைக் கணக்கில் எடுத்து, யூரியா அளவை அந்த விவசாயி குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் காற்றில் போகாதது நைட்ரேட்டாகி அவர் கிணற்றில் இறங்கும்.


பதில் 7 – மோகனூரான்

பதில் எழுதிய பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்; அந்த அம்மா நலமாக இருக்கிறார், வேலைக்கும் வந்துவிட்டார்.

சுண்ணாம்பை அன்றோடு நிறுத்தினேன். பழைய பண்ணைக்காரர் ஐயா சொன்னபடி இரவில் டார்ச்சோடு நடந்ததில், ஏறக்குறைய 2,500 நிப்பிளில் 137 ஒழுகுவது தெரிந்தது. அவை பெரும்பாலும் மூன்று வரிசைகளில்தான் இருந்தன. அந்த வரிசைகளுக்குத் தண்ணீர் அழுத்தம் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் நிப்பிளை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி ஒழுகியிருக்கும். கொட்டகையின் மேற்குப் புறத்தில் கூரைத் தண்ணீர் உள்ளே திரும்பி வடிந்துகொண்டிருந்ததற்கு ஒரு வாய்க்கால் வெட்டினோம். படுதாவைக் கூண்டுமட்டத்தோடு நிறுத்திவிட்டோம். முதல் நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈரமான மூன்று வரிசைகளிலும் எருவை முன்கூட்டியே அள்ளி, நார்க்கழிவு பரப்பினேன். எரு காய்ந்ததில் புழுவும் தானாகவே குறைந்துவிட்டது.

சோதனைத் தாளில் முதல் வாரம் விடியற்காலையில் 40ஐ ஒட்டிக் காட்டிய நடுவரிசை, இப்போது 15க்கும் 20க்கும் இடையே நிற்கிறது. தீவனத்தில் புரதத்தை இப்போதைக்கு அரை விழுக்காடு மட்டும் குறைத்திருக்கிறோம். முட்டை எண்ணிக்கை மாறவில்லை, எடையை இன்னும் இரண்டு வாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் தீவன நிபுணர். பொடி வாங்கவில்லை. கிழக்குப் பக்கத்துப் பெரியவரை அழைத்துக் கொட்டகையைக் காட்டினேன். மூக்கைப் பிடிக்காமல் உள்ளே வந்தார், ஒன்றும் பாராட்டவில்லை, டீ குடித்துவிட்டுப் போனார்.

தீராமல் இருப்பது ஒன்று. இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் மேற்குக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் கோழிகள் மட்டும் இன்னும் தண்ணீராகவே கழிக்கின்றன. சோதனையில் அந்தக் கிணற்றில்தான் உப்பு அதிகம் என்று வந்திருக்கிறது. இரண்டுக்கும் தீவனம் ஒன்றே என்பதால் அந்த வரிசைகளுக்கு மட்டும் உப்பைக் குறைக்க முடியவில்லை. கிழக்குக் கிணற்றிலிருந்து தொட்டி வைத்து இரண்டையும் கலந்துவிடலாமா, அல்லது மேற்கு வரிசைகளுக்குத் தனிக் கலவை அரைப்பது நல்லதா என்பதை மருத்துவர் ஐயா சொல்ல வேண்டும்.


பதில் 8 – கால்நடை மருத்துவர்

கலந்துவிடுங்கள். 10,000 கோழிக்கு இரண்டு கலவை அரைத்தால், என்றாவது ஒருநாள் மூட்டை மாறிப் போய்விடும். கலந்த தண்ணீரை மறுபடி ஒருமுறை சோதனைக்குக் கொடுத்து, வரும் எண்ணைத் தீவன நிபுணரிடம் காட்டி, உப்பை மொத்தத்துக்கும் ஒரே அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். பங்குனியில் தண்ணீர் சூடேறினால் கோழி குடிப்பதும் தின்பதும் சேர்ந்து குறையும். அப்போது முட்டை குறைந்துவிட்டது என்று புரதக் குறைப்பின்மேல் பழி போடுவீர்கள்.